யூனிவர்சல் கிரெடிட் ஒரு மாதம் மட்டும் சைபராவது ஏன்?

கேள்வி: பிரிட்டனில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறோம். வேலைக்குப் போவது ஒருவர், சம்பளம் நான்கு வாரத்துக்கு ஒருமுறை. சம்பளம் ஏறவே இல்லை, ஆனால் ஒரு மாதம் யூனிவர்சல் கிரெடிட் (குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசு தரும் மாத உதவித்தொகை) சைபர் என்று வந்துவிட்டது. ஏன்?

பதில்:

சம்பளத் தொகையை விடுங்கள், அது கைக்கு வந்த தேதியைப் பாருங்கள். நீங்கள் விண்ணப்பித்த தேதியில்தான் உங்கள் 'அசெஸ்மென்ட் பீரியட்', அதாவது உதவித்தொகையைக் கணக்கிடும் மாதம், தொடங்கும். 3ஆம் தேதி விண்ணப்பித்திருந்தால், ஒவ்வொரு மாதமும் 3 முதல் அடுத்த மாதம் 2 வரை. அதற்குள் கணக்கில் விழுந்த சம்பளம் எல்லாம் அந்த மாதத்து வருமானம்தான், எந்த வாரத்து உழைப்பாக இருந்தாலும் சரி.

நான்கு வாரச் சம்பளம் என்றால் வருடத்துக்கு 13 சம்பளம், பீரியடோ 12தான். எங்காவது இரண்டு சம்பளம் ஒன்றாக மாட்டும். உதாரணத்துக்கு, 2025இல் அக்டோபர் 3, வெள்ளிக்கிழமை ஒரு சம்பளம். அடுத்தது அக்டோபர் 31. இரண்டும் ஒரே பீரியட்.

கணக்கு இப்படிப் போகும். யூனிவர்சல் கிரெடிட்டில் வாடகைக்கான பங்கும் வாங்கும், பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு 2025-26இல் சம்பளத்தின் முதல் 411 பவுண்டைத் தொடவில்லை. மீதியில் பவுண்டுக்கு 55 பென்ஸ் கழிப்பார்கள். கையில் வருவது 1,500 என்றால் கழிவு 598.95. இரண்டு சம்பளம் சேர்ந்து 3,000 ஆனால் கழிவு 1,423.95. உங்களுக்குரிய முழுத்தொகை 1,400 என்றால் முந்தைய மாதம் 801.05 வந்திருக்கும், இந்த மாதம் சைபர்.

இது தவறல்ல, விதியே அப்படி. மாதச் சம்பளக்காரர்களுக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு: வங்கி விடுமுறைக்காக முன்கூட்டியே போட்ட சம்பளத்தை வேறு பீரியடுக்கு மாற்றலாம். 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு அந்த ஆண்டு நவம்பரில் வந்த மாற்றம் அது. நான்கு வாரச் சம்பளத்துக்கு அது கிடையாது. நியாயமா என்று கேட்டால், இல்லை என்பேன்.

சைபரானால் கோரிக்கை மூடப்படலாம். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள், அடுத்த மாதம் தானாக வரும் என்று காத்திருப்பார்கள். அதை நம்பி இருக்காதீர்கள். மீண்டும் விண்ணப்பிக்கச் சொல்லியிருந்தால், உடனே அதே யூனிவர்சல் கிரெடிட் இணையக் கணக்கில் நுழைந்து மீண்டும் விண்ணப்பியுங்கள். ஆறு மாதத்துக்குள் என்றால் பழைய தேதிகளே தொடரும், முதல் பணத்துக்கான ஐந்து வாரக் காத்திருப்பு திரும்ப வராது. துணைவருடன் கூட்டு விண்ணப்பம் என்றால் இருவரும் தத்தம் கணக்கில் ஒப்புதல் தர வேண்டும்.

யூனிவர்சல் கிரெடிட் ஸ்டேட்மென்டில் உள்ள சம்பளம் பேஸ்லிப்போடு ஒத்துப்போகவில்லை என்றால், அது வேறு விஷயம். முதலாளி வரித்துறைக்கு அனுப்பிய தேதியோ தொகையோ தவறாக இருக்கலாம். பேஸ்லிப்பையும் பேங்க் ஸ்டேட்மென்டையும் வைத்து ஜர்னலில் (இணையக் கணக்கில் அதிகாரிகளுக்குச் செய்தி எழுதும் பகுதி) எழுதுங்கள். முடிவு பிடிக்கவில்லை என்றால் மறுபரிசீலனை கேட்க ஒரு மாதம்தான் அவகாசம்.

விசாவில் 'நோ பப்ளிக் ஃபண்ட்ஸ்' (அரசு உதவித்தொகை பெறத் தடை) என்று இருப்பவர் எதையும் தொடுவதற்கு முன் குடிவரவு ஆலோசகரிடம் கேட்க வேண்டும்.

காலண்டரில் அடுத்த 13 சம்பள நாளையும் குறித்து, பீரியட் எல்லைகளில் கோடு போடுங்கள். இரண்டு விழும் மாதம் முன்பே தெரிந்துவிடும். அதற்கு முந்தைய மாதமே வாடகையில் ஒரு பகுதியை ஒதுக்கி வையுங்கள்.