கல்லாவில் இருப்பவருக்குக் கணக்கு வேண்டாமா?

கேள்வி: துணிக்கடையில் 372 ரூபாய்க்குத் துணி எடுத்து, சில்லறைக்குச் சிரமம் வேண்டாமே என்று 502 ரூபாய் கொடுத்தேன். அதற்குள் 500 என்று கணினியில் தட்டிவிட்ட பெண், மீதி 2 ரூபாயை என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தார். பி.காம். படித்தவராம். கூட்டல் கழித்தல் தெரியாதவர்களை இந்த வேலைக்கு எடுக்கலாமா? (வாசகர், மதுரை)

பதில்: 'இந்த வேலை' என்கிறீர்கள். அது என்ன வேலை என்பதை முதலில் பார்ப்போம். 1879இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து டேட்டன் நகரில் மதுக்கடை நடத்திய ஜேம்ஸ் ரிட்டி கல்லா இயந்திரத்தை உருவாக்கியதற்குக் காரணம், ஊழியர்களுக்குக் கூட்டத் தெரியவில்லை என்பதன்று. வசூலாகும் பணத்தை அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள் என்ற சந்தேகமே காரணம். 1974 ஜூனில் அதே மாநிலத்தின் டிராய் நகரில் ஒரு சூயிங்கம் பொட்டலத்தின் பார்கோடு முதன்முதலாகக் கல்லாவில் வருடப்பட்டது; அதன் பிறகு பொருளின் விலையைக்கூட ஊழியர் நினைவில் வைத்திருக்கத் தேவையில்லாமல் போயிற்று. இப்படி ஒவ்வொரு படியிலும் கணக்கை ஊழியரின் கையிலிருந்து வாங்கிக்கொண்டவர்கள் கடை முதலாளிகள். கணக்குத் தேவைப்படாத வேலைக்குக் குறைந்த சம்பளம் போதும் என்று தீர்மானித்தவர்களும் அவர்களே.

அந்தப் பெண்ணின் திரையில் 'மீதி 128' என்று இருந்திருக்கும். நீங்கள் எதிர்பார்த்ததோ 130. இரவு கணக்கு முடிக்கையில் கல்லாவில் பணம் குறைந்தால் அதைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும் கடைகள் நம் ஊர்களில் ஏராளம். ஊழியரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்புக்குப் பிடித்தம் செய்வதென்றாலும், அவரிடம் விளக்கம் கேட்காமல் செய்யக்கூடாது என்று 1936ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டமே கூறியிருந்தது. எத்தனை கடைகளில் அப்படிக் கேட்கிறார்கள்? திரையை நம்பிப் பணம் கொடுத்தால் பழி வராது, தன் மனக்கணக்கை நம்பிக் கொடுத்துத் தவறினால் கைக்காசு போகும் என்ற நிலையில் இருப்பவர், வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது தயங்குவதை அறியாமை என்று நான் சொல்லமாட்டேன்.

பழக்கம் இருக்கும் இடத்தில்தான் கணக்கு தங்குகிறது. பொருளியல் அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் கொல்கத்தா, தில்லிச் சந்தைகளில் வேலை செய்யும் 1,436 சிறுவர்களை ஆராய்ந்து 2025இல் 'நேச்சர்' அறிவியல் இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். பல பொருள்களின் விலையை மனத்திலேயே கூட்டிச் சில்லறை கொடுத்த அந்தப் பிள்ளைகளில் பலர், பாடநூல் வடிவில் கொடுத்த கழித்தலிலும் வகுத்தலிலும் திணறினார்கள். பள்ளிக்கு மட்டும் செல்லும் பிள்ளைகளோ தாளில் போட்ட கணக்கைச் சந்தைக் கணக்காகக் கேட்டபோது தடுமாறினார்கள். 1957 வரை பதினாறு அணா, அதாவது 64 பைசா கொண்ட ரூபாயைத் தினமும் கையாண்ட நம் தாத்தாக்களின் மனக்கணக்கும் பழக்கத்தால் வந்ததுதான்.

பள்ளிகளின் பொறுப்பை நான் மறுக்கவில்லை. 2023ஆம் ஆண்டின் 'அசர்' கல்வி நிலை ஆய்வில், கிராமப்புறத்து 14 முதல் 18 வயதினரில் 43.3 விழுக்காட்டினரால் மட்டுமே மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்க முடிந்தது. இது வெட்கப்பட வேண்டிய நிலை. ஆனால் அதற்குரிய கோபத்தைக் காலை முதல் இரவுவரை கல்லாவில் நிற்கும் ஒரு பெண்ணின்மேல் காட்டுவது நியாயமாகாது. அவர் உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் கடைகள் சட்டத்தைத் திருத்திய பிறகும், இருக்கை போடாத கடைகளைப் பார்க்கிறேன். அதைத் தட்டிக் கேட்கும் வாடிக்கையாளர்கள் மிகக் குறைவு.

பட்டத்தைப் பற்றி இப்பக்கத்தில் பலமுறை எழுதியிருக்கிறேன், இன்னும் எழுதுவேன். பில் போடும் வேலைக்கு பி.காம். கேட்பது, வேலையில்லாப் பட்டதாரிகள் வரிசையில் நிற்கிறார்கள் என்ற தைரியத்தில்தான். அந்தப் படிப்பில் ஒரு பங்குகூட அங்கே பயன்படுவதில்லை. கணக்குத் தெரிந்தவர்தான் வேண்டுமென்றால், நேர்காணலில் பத்துக் கணக்குகளைக் கொடுத்துப் போடச் சொல்லட்டும். பட்டத்தைக் கேட்க வேண்டாம். 372இலிருந்து மேல்நோக்கி எண்ணி, எட்டு சேர்த்தால் 380, இருபது சேர்த்தால் 400 என்று மீதி கொடுக்கும் பழைய முறையை ஒரு வாரம் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கட்டும். அதில் தேறியவருக்குச் சம்பளத்தையும் உயர்த்தட்டும்.