வாசகர் கேள்வி – பதில்: பதிவேட்டில் இருப்பவரும் வீட்டில் இருப்பவரும்

கேள்வி: எந்தத் திட்டமானாலும் எங்கள் ஊர் மக்கள்தொகை என்று 2011 ஆம் ஆண்டுக் கணக்கையே காட்டுகிறார்கள். ரேஷன் அட்டை, பிறப்பு இறப்புப் பதிவு, பள்ளிக்கூடப் பட்டியல் எல்லாம் கணினியில் ஏறிவிட்ட பிறகு, வீடு வீடாக ஆள் அனுப்பி எண்ணுவது எதற்கு? இருக்கிற பதிவேடுகளைக் கூட்டிப் பார்த்தால் போதாதா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: உங்கள் ஆதங்கம் நியாயமானது. 2011 இல் திருநெல்வேலி மாவட்டத்தில் எண்ணப்பட்டவர்கள் 30,77,233 பேர். அந்தப் பழைய மாவட்டமே இன்று இல்லை. 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமாகப் பிரிந்துவிட்டது. பிரிந்த இரு மாவட்டங்களுக்கும் இன்று சொல்லப்படும் எண்கள், பழைய வட்டக் கணக்குகளைக் கூட்டியும் கழித்தும் எடுத்தவையே.

பதிவேடுகளை மட்டும் வைத்து மக்கள்தொகையைக் கணக்கிடும் நாடுகள் உண்டு. டென்மார்க் 1981 இலும் பின்லாந்து 1990 இலும் அப்படிச் செய்தன. அங்கே ஒவ்வொருவருக்கும் ஓர் எண் இருப்பதுடன், வீடு மாறியவர் சில நாட்களுக்குள் புதிய முகவரியைத் தெரிவித்தே ஆக வேண்டும் என்ற சட்டமும், அதைத் தவறாமல் செய்யும் பழக்கமும் நெடுங்காலமாக ஊன்றியிருக்கின்றன. நமக்கு ஆதார் எண் இருக்கிறது. அந்தப் பழக்கம் இல்லை. திருப்பூரில் பத்து ஆண்டுகளாகக் குடியிருப்பவரின் பெயர் வீரவநல்லூர் ரேஷன் அட்டையில் அப்படியே இருக்கும். அவர் பொய் சொல்லவில்லை; சொந்த ஊர் அட்டையிலிருந்து பெயரை எடுக்க யாருக்கும் மனம் வராது. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தை விட்டு 2024 முதல் கீழே இறங்கிய குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். ஆள் கல்லிடைக்குறிச்சியிலோ விக்கிரமசிங்கபுரத்திலோ வாடகைக்கு இருக்க, அட்டையில் மலை முகவரி இருந்தால், அந்தக் குடும்பத்துக்குப் பள்ளியும் மருத்துவமும் எந்த ஊர்க் கணக்கில் ஒதுக்கப்படும்?

எந்தப் பதிவேடும் அதை வைத்திருக்கும் அலுவலகத்தின் தேவைக்காக எழுதப்பட்டது என்பதை நாம் மறக்கக் கூடாது. முக்கூடல் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில், முறத்தை மடியில் வைத்துக்கொண்டு மாமியார், மருமகள், மகள் என மூவர் பீடி சுற்றுவார்கள். பீடிக் கம்பெனியின் பாஸ் புத்தகம் ஒருவர் பேரில் இருக்கும். வருங்கால வைப்பு நிதிப் பிடித்தம் அந்த ஒரு பெயரில் போகும். அந்த நிதியின் பதிவைக் கொண்டு பீடித் தொழிலாளரை எண்ணினால் அந்த வீட்டில் ஒரு தொழிலாளிதான். வாசலில் நின்று கேட்பவருக்கே மூவரும் தெரிவார்கள்.

இதனால் பதிவேடுகள் பயனற்றவை என்று ஆகாது. ஒரு கணக்கெடுப்புக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் அவற்றைப் பயன்படுத்தாமல் விடுவதுதான் வீண். ஆனால் பதிவேட்டில் எத்தனை பேர் விடுபட்டார்கள் என்பதைத் தனியே அளந்துகொண்டே இருக்க வேண்டும். அதற்கு நம் நாட்டிலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. 1969-70 முதல் முழு அளவில் நடக்கும் மாதிரிப் பதிவு முறையில், தேர்ந்தெடுத்த பகுதிகளில் உள்ளூர்க் கணக்கர் ஒருவர் பிறப்பையும் இறப்பையும் அவ்வப்போது எழுதி வருவார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேற்பார்வையாளர் ஒருவர் அந்த ஏட்டைப் பாராமல் வீடு வீடாகக் கேட்டு எழுதுவார். பிறகு இரண்டையும் ஒப்பிட்டு, பொருந்தாதவற்றை மீண்டும் நேரில் போய் விசாரிப்பார்கள். அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 குறிப்பு நாளாக, அதாவது எந்த நாள் நிலவரப்படி எண்ணுவது என்பதற்கான நாளாக, அறிவிக்கப்பட்டிருக்கிறது. அது முடிந்ததும் ஊர் ஊராகப் பதிவேடுகளை அதனுடன் ஒப்பிட்டு, எந்தப் பதிவேடு எவ்வளவு பிசகியது என்பதை அரசு வெளியிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: என் பேத்தி பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் பிறந்தாள். பிறப்புச் சான்றிதழும் அங்கேதான் வாங்கினோம். அவள் எங்கள் ஊர்க் கணக்கில் வருவாளா?
– வாசகி, கடையம்

பதில்: மிகவும் முக்கியமான கேள்வி, அம்மா. 1969 ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, பிறப்பு எங்கே நிகழ்ந்ததோ அங்கேதான் பதிவாகும். ஆகவே பதிவான இடத்தை வைத்து எண்ணினால் உங்கள் பேத்தி திருநெல்வேலி மாவட்டத்தில் சேர்வாள். அவள் வளரும் கடையமோ தென்காசி மாவட்டம். இப்படிப் பெரிய ஆஸ்பத்திரி உள்ள ஊரில் பிறப்பும் இறப்பும் கூடுதலாகவும், சுற்றியுள்ள ஊர்களில் குறைவாகவும் தோன்றும்.

இதைச் சரிசெய்யும் வழி படிவத்திலேயே இருக்கிறது. பிறப்பு அறிக்கைப் படிவம் இரு பகுதிகளாக இருக்கும். ஒன்று சட்டத்துக்கான பகுதி. பெயர்கள் அதில் வரும். மற்றது புள்ளிவிவரத்துக்கான பகுதி. தாய் குடியிருக்கும் ஊர், தாயின் வயது, பெற்றோரின் படிப்பு, தொழில், குழந்தையின் எடை முதலியவை அதில் வரும். இந்தப் பகுதியைத் தனியே பிரித்துப் புள்ளிவிவரப் பணிக்கு அனுப்புவார்கள். வார்டில் அவசர அவசரமாக நிரப்பும்போது தாயின் ஊர் என்ற இடத்தில் ஆஸ்பத்திரி இருக்கும் ஊரையே எழுதிவிட்டால், கடையத்துக்கு ஒரு குழந்தை குறைந்துவிடும். அடுத்த பேரனோ பேத்தியோ பிறக்கும்போது அந்த ஓர் இடத்தை நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: எல்லாப் பதிவேடுகளையும் இணைத்துவிட்டால், மக்களை எண்ணுவதாகச் சொல்லிவிட்டு எங்கள் பெயரை உதவித்தொகையிலிருந்து நீக்கிவிட மாட்டார்களா?
– வாசகி, மேலப்பாளையம்

பதில்: உங்கள் அச்சத்தை நான் சிறிதும் குறைத்து மதிப்பிட மாட்டேன். எண்ணுவது வேறு, ஒருவரின் தகுதியைச் சோதிப்பது வேறு. 1948 ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டம், 15 ஆம் பிரிவில், கணக்கெடுப்பில் எழுதியதை யாரும் பார்வையிடவோ சாட்சியமாகக் காட்டவோ முடியாது என்று வேலி கட்டியிருக்கிறது. நிர்வாகப் பதிவேடுகளுக்கு அந்த வேலி இல்லை. 2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு, ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவாகும் குடும்பம் தகுதியற்றது என்று விதி இருந்தது. தாத்தா பேரில் ஒரே மீட்டர், அதில் மூன்று அடுப்பு என்றால், பதிவேடு அதை ஒரு குடும்பமாகவே காணும். நல்லவேளையாக, மறுக்கப்பட்டவர்கள் 30 நாட்களுக்குள் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய அப்போது வழி இருந்தது.

2023 ஆம் ஆண்டின் தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டமும், புள்ளிவிவரத்துக்காகத் தரவைப் பயன்படுத்த விலக்கு அளிக்கும்போது, அதைக் கொண்டு குறிப்பிட்ட ஒருவரைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது என்ற நிபந்தனையை வைத்திருக்கிறது. ஆகவே பெயரையும் எண்ணையும் நீக்கிய பிறகே பதிவுகள் புள்ளிவிவரத் துறைக்குப் போக வேண்டும். அங்கிருந்து எந்தப் பெயரும் திட்ட அலுவலகத்துக்குத் திரும்பி வரக் கூடாது. உங்கள் பெயர் ஏதேனும் திட்டத்திலிருந்து நீக்கப்பட்டால், எந்தப் பதிவேட்டின் எந்த விவரத்தால் நீக்கப்பட்டது என்பதை எழுத்தில் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி உங்களுக்கு அந்த உரிமை உண்டு.