கணுக்கால் சுளுக்குக்குப் பிறகு எப்போது ஓடலாம்?

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறேன், வயது 38. ஏழு வாரத்துக்கு முன் செம்பனைக் காட்டுப் பாதையில் ஓடும்போது கால் பிரண்டது. கிளினிக்கில் வலி மாத்திரையும் இரண்டு நாள் எம்சியும் (மருத்துவ விடுப்பு) கொடுத்தார்கள். அப்புறம் தெரிந்த ஏஜெண்டு ஒருவர் கொடுத்த மூலிகைக் கேப்சூலை ஒரு மாதமாகச் சாப்பிடுகிறேன். மூன்றே நாளில் வலி போய்விட்டது. போன வாரம் ஐந்து கிலோமீட்டர் ஓடினேன். மறுநாள் மறுபடி வீக்கம். எப்போது பழையபடி ஓடலாம்?

பதில்: ஓட்டத்தை இப்போதைக்கு நிறுத்துங்கள். அதைவிட அவசரமானது அந்தக் கேப்சூல். மூட்டு வலிக்கு என்று விற்கும் பதிவில்லாத மருந்துகளில் டெக்சாமெதாசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. பாட்டிலில் எம்ஏஎல் (MAL) என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டுவில்லையும் இருக்கிறதா பாருங்கள். இருந்தாலும் மருந்தாளரிடம் காட்டிச் சரிபாருங்கள். கொடுத்தவர் நல்லவராகவே இருக்கலாம். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது.

நீங்களாகச் சட்டென்று நிறுத்தவும் வேண்டாம். ஒரு மாதம் ஸ்டீராய்டு சாப்பிட்ட உடம்பு தானே சுரக்கும் ஸ்டீராய்டைக் குறைத்திருக்கும். திடீரென்று விட்டால் வாந்தி, மயக்கம், இரத்த அழுத்தம் இறங்குவது எல்லாம் வரலாம். நாளைக்கே பாட்டிலோடு அரசு கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்கு 1 வெள்ளிதான் (ரிங்கிட்). கணுக்காலின் இரு பக்கமும் புடைத்திருக்கும் எலும்பின் பின்விளிம்பை அழுத்தினால் வலிக்கிறது என்றால் எக்ஸ்ரே கேளுங்கள். பிசியோவுக்கு (உடற்பயிற்சிச் சிகிச்சை) ஒரு கடிதமும் கேளுங்கள். இரண்டு நாள் எம்சி எழுதத் தெரிந்தவர்களுக்குக் காலுக்கு என்ன பயிற்சி என்று சொல்ல இரண்டு நிமிடம் கிடைப்பதில்லை. வாரம் தவறாமல் இதே கதையைக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. நோயாளி வாய்விட்டுக் கேட்டால்தான் கடிதமே வருகிறது.

சரி, ஓட்டத்துக்கு வருவோம். ஏழு வாரமா பத்து வாரமா என்று நாட்காட்டியைப் பார்க்காதீர்கள். கிழிந்த தசைநார் முழு பலம் பெறப் பல மாதம் ஆகும். மாத்திரை இல்லாமல் அரைமணி நேரம் வேகமாக நடக்க வேண்டும். அடிபட்ட காலில் மட்டும் அரை நிமிடம் ஆடாமல் நிற்க வேண்டும். அதே காலில் குதிகாலை இருபது தடவை தூக்கி இறக்க வேண்டும். இவை முடிந்தால், ஒரு நிமிடம் மெதுவோட்டம், நாலு நிமிடம் நடை, இப்படி ஐந்து சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். பள்ளித் திடல் போதும். லாரித் தடம் விழுந்த செம்மண் பாதை இப்போது வேண்டாம். முதலில் நேரத்தைக் கூட்டுங்கள், வேகம் கடைசியில்.

லேசான வலி இருந்து மறுநாள் காலைக்குள் அடங்கினால் தொடரலாம். வீங்கினால் ஒரு படி இறங்கி, அங்கேயே ஒரு வாரம் நில்லுங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. உங்களுக்கு இருப்பதாக எழுதவில்லை, ஆனாலும் சோதித்துக்கொள்ளுங்கள். 2019 தேசிய ஆய்வில் நம் நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை. இனவாரியாக இந்தியர்களிடம்தான் மிக அதிகம். பலர் தமக்கு இருப்பதே தெரியாமல் இருக்கிறார்கள். சர்க்கரையால் பாத நரம்பு மரத்துப்போனால் எலும்பில் விரிசல் விட்டாலும் வலிக்காது, கொப்புளம் புண்ணானாலும் தெரியாது. வலிக்கவில்லை என்பதை வைத்து அவர்கள் ஓடக்கூடாது. தினமும் பாதத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஒரு பாதம் மட்டும் சூடாக, சிவந்து, வீங்கியிருந்தால் நடையைக்கூட நிறுத்திவிட்டு அன்றே டாக்டரிடம் போக வேண்டும். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும். அதனால் நாளைக்குக் கிளினிக்கில் இரத்தச் சர்க்கரையையும் பார்க்கச் சொல்லுங்கள்.