தெருவில் நின்ற ரூஃபஸ்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க எழுத்தாளர் ஜேம்ஸ் ஏஜியின் ‘எ டெத் இன் த ஃபேமிலி’ நாவலைப் படித்தேன். தந்தை இறந்த மறுநாள் காலை, பள்ளிக்குப் போகும் பையன்களிடம் சிறுவன் ரூஃபஸ் அதைப் பெருமையாகச் சொல்வது என்னை உறுத்தியது. ஒரு குழந்தை இப்படி இருக்குமா? என் தங்கையின் கணவர் அண்மையில் சாலை விபத்தில் இறந்தார். எட்டு வயது மகனிடம் “அப்பா சாமியிடம் போய்விட்டார்” என்று சொல்லியிருக்கிறோம். அவன் அழவில்லை, விளையாடப் போய்விடுகிறான். இந்தக் கதையை அவனுக்குச் சொல்லலாமா?

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் தங்கைக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

இந்த நாவலைத்தான் நானும் மறுபடி படித்துக்கொண்டிருந்தேன். ‘இப்படி இருக்குமா’ என்கிறீர்கள். ஏஜியைச் சிறுவயதில் வீட்டில் அழைத்த பெயரே ரூஃபஸ்தான். 1916இல், அவருடைய ஆறாவது வயதில், தந்தை கார் விபத்தில் இறந்தார். அதை எழுதி முடிக்காமலேயே 1955இல் அவரும் போய்விட்டார். நாவல் வெளிவந்தது 1957இல்.

தெருக்காட்சியை மட்டும் பிடித்துக்கொண்டீர்கள், அதற்கு முந்தைய பக்கங்களைத் தாண்டிவிட்டீர்கள். தாய் மேரி, கடவுள் அப்பாவை அழைத்துக்கொண்டார் என்கிறாள். பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு ஹன்னா பாட்டி நடந்ததை நடந்தபடி சொல்கிறாள்: காரின் ஸ்டியரிங்கில் ஒரு சிறிய காட்டர் பின் (இணைப்பைப் பிடித்திருக்கும் கம்பி ஊசி) கழன்றது, முகவாயில் அடி, மூளை அதிர்ந்து உடனே உயிர் போனது. ரூஃபஸ் தெருவுக்குக் கொண்டுபோவது இந்த விவரங்களைத்தான். அப்பாவிடமிருந்து அவனுக்கு மிஞ்சியது அவ்வளவே. அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் பிள்ளையையா கல்நெஞ்சன் என்று நினைத்தீர்கள்?

என் அப்பா கிணற்றடியில் மோட்டார் ஸ்விட்சைத் தொட்டு இறந்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது. மொட்டையடித்துக் கொள்ளிச்சட்டி தூக்கவைத்தார்கள், எப்படி இறந்தார் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. கேட்டால், “அதெல்லாம் உனக்கு எதற்கு?” கொள்ளி வைக்க வயதாகிவிட்டது, காரணம் கேட்க வயதாகவில்லை! நான் சாமி கும்பிடாமல் போன ஒரு நாளுக்குத் தண்டனை என்று நானாகவே முடிவுகட்டிக்கொண்டு, இரவெல்லாம் விழித்துக் கிடந்தேன். ஈரக் கை, பழுதான வயர் என்று வகுப்புப் பையன் ஒருவன்தான் சொன்னான். அன்றுதான் அழுதேன். பயம் போய்த் துக்கம் வந்தது.

இதனால்தான் உங்கள் வீட்டார் மீது எனக்குக் கோபம் வருகிறது. சாமியிடம் போனவர் ஏன் திரும்பவில்லை என்று அந்தப் பிள்ளை யாரிடம் கேட்பான்? உங்களிடம் கேட்க மாட்டான். தானே ஒரு காரணம் தேடிக்கொள்வான், அந்தக் காரணத்தில் பெரும்பாலும் அவனே குற்றவாளியாக இருப்பான்.

அவன் விளையாடட்டும், அதில் கவலைப்பட ஒன்றுமில்லை. நாவல் பெரியவர்களுக்கானது, அவனுக்கு வேண்டாம். எந்தச் சாலை, எந்த வண்டி, எங்கே அடிபட்டது, மருத்துவமனையில் என்ன செய்தார்கள் என்று இந்த ஞாயிற்றுக்கிழமை அவனை உட்காரவைத்துச் சொல்லுங்கள். தங்கையால் முடியாவிட்டால் நீங்கள் சொல்லுங்கள். தாய்மாமன்தானே நீங்கள்? அவன் திரும்பத் திரும்பக் கேட்டால், திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.