மல்லிகை வாசனை வந்தால் எழுந்து வந்துவிடு

கேள்வி: எனக்கு வயது 27. ஒன்பதாம் மாதத்தில் ஒருநாள் காலையிலிருந்து அசைவே இல்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பெண் குழந்தை, இறந்தே பிறந்தாள். எல்லா டெஸ்ட்டும் எடுத்துவிட்டு, காரணம் தெரியவில்லை என்றார்கள். மூன்றாம் நாள் பால் கட்டிக்கொண்டது. பால் வற்றட்டும் என்று மார்பில் மல்லிகைப் பூ வைத்துக் கட்டினார்கள். இப்போது பூசைக்குப் போனால், மாதா சுரூபத்துக்குப் போட்ட மாலையிலிருந்து அதே வாசனை. பாதியிலேயே வெளியே வந்துவிடுகிறேன். ஜெபக் குழுவில் ஓர் அக்கா, “ஏதாவது பரம்பரைச் சாபம் இருக்கும், யோசிச்சுப் பாரு” என்கிறார். ஞானஸ்நானம் வாங்காத பிள்ளைக்கு மோட்சம் கிடையாதே என்று மாமியார் அழுகிறார். கணவர் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. அவரும் என் அண்ணனும்தான் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். எனக்கு ஜெபமே வரவில்லை. விசுவாசம் போய்விட்டதா? ஏன் எனக்கு இப்படி?
– பெயர் வேண்டாம், கடலூர் முதுநகர்

பதில்: மகளே, என் கடைசிப் பெண்ணுக்கும் உன் வயசுதான். அதனால் ‘நீ’ என்றே எழுதுகிறேன்.

‘ஏன்’ என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. டாக்டர்களும் மழுப்பியிருக்க மாட்டார்கள். எல்லாச் சோதனையும் செய்த பிறகும் காரணம் பிடிபடாமல் போவது இதில் நிறையவே நடக்கிறது. மற்றக் கேள்விகளுக்குப் பதில் உண்டு. மாமியார் சொன்னதிலிருந்து ஆரம்பிக்கிறேன், கடிதத்தில் அந்த வரியில்தான் மை கலைந்திருக்கிறது.

பாவம், அதை அவர் தானாகச் சொல்லவில்லை. சின்ன வயசில் ஞானோபதேச வகுப்பில் கேட்டிருப்பார், நானும் கேட்டிருக்கிறேன். ஞானஸ்நானம் பெறாத குழந்தைகளுக்கு லிம்போ என்று தனி இடம், மோட்சமும் இல்லை நரகமும் இல்லை என்பார்கள். திருச்சபை அதை விசுவாசக் கோட்பாடாக ஒருநாளும் அறிவித்ததில்லை. 1992-ல் வந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலை எடுத்து 1261-ஆம் பத்தியைப் பார். இந்தக் குழந்தைகளை இறைவனின் இரக்கத்தில் ஒப்படைக்கிறது. சிறு பிள்ளைகளை என்னிடம் வரவிடுங்கள் என்று இயேசு சொன்னதையும் அங்கேயே நினைவூட்டுகிறது. 2007-ல் வத்திக்கானின் இறையியல் குழுவும் இதை ஆராய்ந்து, அவர்கள் மீட்படைவார்கள் என்று நம்புவதற்கு இடமிருக்கிறது என்றது. அப்போதைய பாப்பரசர் பதினாறாம் பெனடிக்ட்டின் ஒப்புதலோடுதான் அது வெளிவந்தது. இன்னொன்றும் உண்டு. பெற்றோர் ஞானஸ்நானம் கொடுக்க நினைத்திருந்தால், அதற்குள் இறந்துவிட்ட குழந்தைக்கு ஆயரின் அனுமதியோடு அடக்கச் சடங்கு செய்யலாம் என்று திருச்சபைச் சட்டம் 1183 சொல்கிறது.

பங்குச் சாமியாரிடம் போய் இதைக் கேள். அவளுக்காக ஒரு பூசை வை. பேர் யோசித்து வைத்திருந்தீர்கள் அல்லவா? பூசை யாருக்காக என்று எழுதிக் கொடுக்கும்போது ‘குழந்தை’ என்று எழுதாதே, அந்தப் பேரை எழுது. மாமியாரையும் கூட்டிக்கொண்டு போ, அவரும் பேத்தியைப் பறிகொடுத்தவர்.

சாபக்கார அக்காவுக்கு வருகிறேன். பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவனைப் பார்த்து, இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீடர்களே கேட்டார்கள். இரண்டும் இல்லை என்றார் இயேசு. யோவான் ஒன்பதாம் அதிகாரம், அந்த அக்கா படிக்காததா? 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, உங்கள் தேவனாம்பட்டினத்தில் அலை பாவக் கணக்குப் பார்த்தா வீடு புகுந்தது? பிறகு 2011-ல் தானே புயல், 2015-ல் வெள்ளம். அந்த அக்காவின் கணக்குப்படி கடலூரில் ஒருத்தர்கூடத் தேறமாட்டோம். அவரிடம் வாதாட வேண்டாம். கொஞ்ச நாள் அந்தக் குழுவுக்குப் போகாதே.

விசுவாசம் போய்விட்டதா என்று கேட்கிறாய். ‘ஏன் எனக்கு இப்படி’ என்பதும் ஆண்டவரோடு போடுகிற சண்டைதான். சண்டை போட ஆள் இருக்கிறார் என்று நம்புகிறவள்தானே சண்டை போடுவாள்? நூற்றைம்பது திருப்பாடல்களில் அழுகையும் முறையீடும் எத்தனை என்று எண்ணிப் பார். பெரும்பாலானவை கடைசியில் எப்படியோ ஒரு நன்றியில் வந்து நிற்கும். 88-ஆம் பாடல் அப்படி நிற்காது, எபிரேயத்தில் அதன் கடைசிச் சொல்லே இருட்டுதான். அதையும் வேதத்தில் விட்டுவைத்திருக்கிறார்கள். ஜெபம் வராத நாளில் அதை வாய்விட்டுப் படி. அதுவும் முடியாவிட்டால் பக்கத்தைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்.

என் தம்பி 22 வயசில் காய்ச்சலில் போய்விட்டான். ஆறு மாதம் நான் கோயிலுக்குள் கால் வைக்கவில்லை. ஆனாலும் ஞாயிறு தவறாமல் புதுச்சேரி ரயிலடிப் பக்கம் திரு இருதய ஆண்டவர் கோயில் வாசலில் போய், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பூசை முடியும்வரை நிற்பேன். நாலைந்து வாரம் பார்த்த மெழுகுவத்தி விற்கிற பாட்டி ஒருநாள், “ஸ்டாண்டு போடும்மா, கை வலிக்கும்” என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. நான் ஸ்டாண்டு போட்டேன். அடுத்த வாரம் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். ஆண்டவர் என்னிடம் பேசினாரா என்று கேட்டால், எனக்குத் தெரிந்து அவர் அந்தக் குரலில்தான் பேசினார்.

நீயும் கதவோரம் உட்கார். மல்லிகை வாசனை வந்தால் எழுந்து வந்துவிடு. மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள். செப்டம்பர் 15-ல் வியாகுல மாதா என்று யாரைக் கும்பிடுகிறோம்? செத்த பிள்ளையை மடியில் வாங்கியவளைத்தானே?

தூக்கமே இல்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை, செத்துவிடலாம் போலிருக்கிறது என்றெல்லாம் தோன்றினால் ஜெபத்தோடு நிற்காதே, டாக்டரைப் பார். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், 14416, எந்த நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது.

உன் கணவர். அவர் பேசாததைக் கல் மனசு என்று நினைத்துவிடாதே. அந்தப் பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு போனவர் அவர். எவ்வளவு கனம் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். நீ அந்த இடத்தை இன்னும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன், கடிதத்தில் அப்படி எங்கும் இல்லை. நவம்பர் 2, கல்லறைத் திருநாள்வரை காத்திருக்காதே, அன்றைக்கு ஊரே கூடிவிடும். ஒரு சாயங்காலம், “எங்கேன்னு காட்டுங்க” என்று மட்டும் கேள். போகும்போது ஒரு பழைய அட்டைப்பெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். கடல் காத்து மெழுகுவத்தியை நிற்கவிடாது, மூன்று பக்கம் மறைத்தால்தான் எரியும். அதைப் பிடித்துக்கொள்ள இரண்டு பேர் வேண்டும்.