குடிக்கிறீர்களா என்று கேட்டால்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் சமூகப்பணித் துறை மாணவர்கள் ஒரு கிராமத்தில் 300 வீடுகளில் மதுப்பழக்கம் பற்றிக் கணக்கெடுத்தார்கள். 'உங்கள் வீட்டில் யாருக்காவது குடிப்பழக்கம் உண்டா?' என்பது கேள்வி. ஏறக்குறைய எல்லா வீட்டிலும் 'இல்லை' என்றே பதில். ஊர் எல்லையில் இருக்கும் டாஸ்மாக்கில் மாலையானால் நிற்க இடமில்லை. மக்கள் பொய் சொல்கிறார்கள் என்று எழுதி அறிக்கையை முடித்துவிடலாமா? பகடை உருட்டி ரகசியமாகப் பதில் வாங்கும் முறை ஒன்று உண்டாமே, அதை வைத்து மறுபடி எடுக்கலாமா?

— உதவிப் பேராசிரியர், திருச்சி மாவட்டம்

அன்புள்ள பேராசிரியருக்கு,

அப்படி எழுதாதீர்கள். அந்தக் கேள்விக்கு வேறு பதில் வந்திருந்தால்தான் ஆச்சரியம். பகடையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதைவிடச் செலவு குறைவான திருத்தங்கள் இருக்கின்றன.

வீட்டைப் பற்றிக் கேட்டால் வீட்டின் மானம்தான் பதில் சொல்லும். திறந்தவெளியில் மலம் கழிப்பதைப் பற்றி இந்தியாவின் நான்கு மாநிலக் கிராமங்களில் நடந்த ஒரு சோதனையின் முடிவு 2019இல் வெளியானது. சில வீடுகளில் குடும்பத்துக்கு மொத்தமாக ஒரே கேள்வி. மற்ற வீடுகளில் ஆள் ஆளாக, 'சிலர் கழிப்பறைக்குப் போகிறார்கள், சிலர் வெளியே போகிறார்கள், இவர் எங்கே?' என்ற வகையில் கேட்டார்கள். இரண்டாவது முறையில் வெளியே போவோர் சுமார் 20 சதவீதப் புள்ளிகள் கூடுதலாகத் தெரிந்தார்கள். அதே ஊர்கள், அதே மாதிரி மக்கள். மாறியது வாக்கியம் மட்டும்தான். உங்கள் மாணவர்களும் வீட்டுக்கு ஒரு கேள்வி என்பதை விட்டுவிட்டு, வயதுவந்த ஒருவரைக் குலுக்கலில் தேர்ந்து அவரைப் பற்றி மட்டும் அவரிடமே கேட்கட்டும். 'பழக்கம்' என்ற சொல்லையும் எடுத்துவிடுங்கள். பண்டிகைக்கும் கல்யாணத்துக்கும் குடிப்பவர் தனக்குப் பழக்கம் இருப்பதாக நினைப்பதே இல்லை. 'சிலர் குடிப்பார்கள், சிலர் குடிப்பதில்லை. நீங்கள் கடைசியாகக் குடித்தது எப்போது?' என்று கேளுங்கள். 'குடித்ததே இல்லை' என்பதும் ஒரு விடையாக இருக்கட்டும்.

அடுத்தது, பதில் யார் காதில் விழுகிறது என்பது. அமெரிக்காவில் 1995இல் 15 முதல் 19 வயது ஆண்களிடம் எடுத்த கணக்கெடுப்பில், ஆணோடு உறவு கொண்டதாக அச்சிட்ட தாளில் எழுதியவர்கள் 1.5 சதவீதம். கணினியில் ஹெட்ஃபோன் வழியாகக் கேள்வியைக் கேட்டு எண்ணை அழுத்தியவர்களில் 5.5 சதவீதம். இத்தனைக்கும் தாளில் எழுதுவதும் வாய்திறக்காத முறைதான். அதற்காக எல்லாரும் கணினி வாங்க ஓட வேண்டியதில்லை. புனேயில் இளைஞர்களிடம் இதே சோதனையைச் செய்தபோது கல்லூரி மாணவர்களிடம் கணினிக்குக் கூடுதல் ஒப்புதல் கிடைத்தது. குடிசைப் பகுதி இளைஞர்களிடம் அப்படித் தெளிவாகக் கிடைக்கவில்லை. பழகாத கருவியைக் கையில் கொடுத்தால் அதன்மேலேயே சந்தேகம் வரும்.

உங்கள் ஊருக்கு வாக்குப்பெட்டி போதும். ஜிம்பாப்வேயில் பாலுறவு பற்றிய ஆய்வுகளில் பயன்பட்ட முறை இது. மாணவர் கேள்வியை உரக்கப் படிப்பார். பதிலளிப்பவர் தன் மடியில் இருக்கும் சீட்டில் அந்த வரிசைக்கு நேரே குறியிட்டு, மடித்து, பூட்டிய பெட்டியில் போடுவார். சீட்டில் பெயர் கூடாது, வரிசை எண் மட்டும். எழுத்து தெரியாதவர்களுக்காக ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு படம் போடுங்கள்: பசு, மரம் என்று. சூரியன், இலை, மாம்பழம் பக்கமே போகாதீர்கள். அப்புறம் நீங்கள் வேறொரு கணக்கெடுப்பை நடத்துவீர்கள். இதில் அடிக்கடி நடக்கும் தவறு, வரிசை மாறிக் குறியிடுவது. அதனால் முதல் வரிசைகளில் 'இன்று காலையில் டீ குடித்தீர்களா?' போன்ற கேள்விகளை வைத்துப் பழக்குங்கள். நடுவில் எல்லாருக்கும் 'இல்லை' என்றே வரவேண்டிய ஒரு கேள்வியையும் நுழையுங்கள். அதற்கு எத்தனை 'ஆம்' விழுகிறதோ, அது உங்கள் பிழையின் அளவைக் காட்டும். கேட்பவர் அந்த ஊர்க்காரராக இருக்கவே கூடாது.

அளவு கேட்கும்போது இன்னொரு குழி. உலக சுகாதார நிறுவனத்தின் 10 கேள்விப் பட்டியல் 'ஒரு நாளில் எத்தனை டிரிங்க்ஸ்' என்று கேட்கும். அங்கே ஒன்று என்பது 10 கிராம் ஆல்கஹால். நம் ஆள் 'ஒரு குவார்ட்டர்' என்பார், மாணவர் 1 என்று குறித்துக்கொள்வார். 180 மில்லி குவார்ட்டரில் 42.8 சதவீதம் ஆல்கஹால் என்றால் சுமார் 61 கிராம், அதாவது 6. கட்டிங் போட்டால் ஆளுக்கு 3. ஆகவே கட்டிங், குவார்ட்டர், ஆஃப், பீர் என்று வாங்கும் சொல்லிலேயே குறித்துக்கொண்டு, பிறகு நீங்கள் மாற்றுங்கள். 'நேற்று, முந்தாநாள்' என்று ஏழு நாளைப் பின்னோக்கிக் கேளுங்கள். அந்த ஏழு நாளுக்குள் கடை மூடும் அக்டோபர் 2 போன்ற நாளோ, பாதி ஊர் மாலை போட்டிருக்கும் கார்த்திகை மாதமோ வந்தால் கணக்கு இறங்கிவிடும்.

இப்போது பகடை. 1965இல் ஸ்டான்லி வார்னர் தொடங்கிவைத்த யோசனையின் ஒரு வடிவம் இது. பதிலளிப்பவர் மறைவாக உருட்டுவார். 1 விழுந்தால் உண்மை எதுவானாலும் 'ஆம்', 6 விழுந்தால் 'இல்லை', மற்ற எண்களுக்கு உண்மை. தனிமனிதரின் 'ஆம்' எதையும் நிரூபிக்காது. கூட்டத்தின் விகிதம் கிடைத்துவிடும். 300 பேரில் 90 பேர் 'ஆம்' என்றால் 0.30. அதில் பகடையின் பங்கு 0.167ஐக் கழித்து 0.667ஆல் வகுத்தால் 20 சதவீதம். அழகான கணக்குதான். ஆனால் பிழை எல்லை கூட்டியும் குறைத்தும் சுமார் 8 புள்ளிகள், அதாவது 12 முதல் 28 வரை எதுவும் இருக்கலாம். எல்லாரும் உண்மையே சொல்லும் நேரடிக் கேள்வியில் அது 4.5 புள்ளிகள்தான். அந்தத் துல்லியத்தைப் பகடையில் எட்ட ஏறக்குறைய 900 பேர் வேண்டும்.

அதைவிடப் பெரிய சிக்கல், ஆட்கள் விதியை மீறுவது. ஐயப்பனுக்கு மாலை போட்டவர் பகடையில் 1 விழுந்தது என்பதற்காகக் 'குடித்தேன்' என்று சொல்வாரா? மாட்டார். அப்படிப்பட்ட 'இல்லை'கள் சேர்ந்தால் விகிதம் சுழியத்துக்குக் கீழேகூடப் போகும். பாதிப் பேருக்குக் குடிக்குத் தொடர்பில்லாத நான்கு வாக்கியங்களும், மீதிப் பேருக்கு அவற்றோடு குடியைப் பற்றிய ஒன்றுமாகப் பட்டியல் கொடுத்து, 'எத்தனை உங்களுக்குப் பொருந்தும்' என்று எண்ணிக்கை மட்டும் கேட்டு ஒப்பிடும் முறையும் உண்டு. 300 பேரை இரண்டாகப் பிரித்தால் அதன் பிழை எல்லை 20 புள்ளிகளைத் தாண்டிவிடலாம். 300 பேர் என்ற அளவுக்கு அது வீண்.

கூடுதலாக ஒப்புக்கொள்ள வைக்கும் முறையே நல்ல முறை என்றும் நம்பிவிடாதீர்கள். இளைஞர்கள் நண்பர்கள் முன்னால் இல்லாததையும் சேர்த்துச் சொல்வார்கள். பகடைக்கு உறவான 'குறுக்கு' முறையை (இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றா, வேறா என்று மட்டும் சொல்வது) 2017இல் ஹோக்லிங்கர், டீக்மன் இருவரும் சோதித்தார்கள். உறுப்பு மாற்று பெற்றீர்களா என்பது போல கிட்டத்தட்ட யாருக்குமே பொருந்தாத கேள்விகளுக்கும் அதில் கணிசமான 'ஆம்' விழுந்தது.

ஆகவே பெட்டியை எடுத்துக்கொண்டு இன்னொரு கிராமத்துக்குப் போங்கள். பெட்டி முறை பாதிப் பேருக்கு, நேரடிக் கேள்வி பாதிப் பேருக்கு. யாருக்கு எது என்று கிளம்புமுன் கல்லூரியிலேயே குலுக்கிவிடுங்கள். தெருவுக்குத் தெரு பிரித்தால் தெருவின் வேறுபாடு முறையின் வேறுபாடாகத் தோன்றும். மறுத்தவர்கள், வீட்டில் இல்லாதவர்கள் எத்தனை பேர் என்பதையும் அட்டவணையில் சேருங்கள். குடிப்பவர்தான் மாலையில் வீட்டில் இருக்கமாட்டார்.

மனைவியிடம் கணவரின் குடியைப் பற்றிக் கேட்கும் பகுதி இருந்தால் மட்டும் கூடுதல் கவனம். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் குடும்ப வன்முறைப் பகுதி வீட்டுக்கு ஒரு பெண்ணிடம் மட்டும், தனியாக இருக்க முடிந்தால் மட்டுமே கேட்கப்படுகிறது. யாராவது உள்ளே வந்தால் மாணவி உடனே ரேஷன் கார்டு, குடிநீர் என்று பேச்சை மாற்ற வேண்டும். அந்த மாற்றுக் கேள்விகளை வினாத்தாளின் எதிர்ப்பக்கத்திலேயே அச்சிட்டுக் கொடுத்துவிடுங்கள்.