ஜான் மியூர் பாதைக்கு எந்த குயில்ட்?

கேள்வி: ஜூலை கடைசி வாரத்தில் நானும் மனைவியும் கலிஃபோர்னியாவின் ஜான் மியூர் ட்ரெயிலை 20 நாளில் நடந்து முடிக்கத் திட்டமிட்டிருக்கிறோம். இப்போது ஆளுக்கொரு சிந்தெடிக் ஸ்லீப்பிங் பேக் இருக்கிறது. ஒவ்வொன்றும் 1.4 கிலோ. அதற்குப் பதிலாக டவுன் குயில்ட் (பறவைத் தூவி நிரப்பிய, அடிப்பக்கம் இல்லாத படுக்கைப் போர்வை) வாங்கலாமா என்று யோசிக்கிறோம். தூவி உப்பும் அளவைச் சொல்லும் ஃபில் பவர் 850 போதுமா, 950 வேண்டுமா? 30 டிகிரி ஃபாரன்ஹீட் என்று போட்டிருப்பது கோடைக்குப் போதாதா? இருவருக்கும் சேர்த்து ஒரே பெரிய குயில்ட் வாங்கினால் எடை குறையுமா? என் உயரம் 173 செ.மீ.; ஒருக்களித்துப் படுப்பவன். மனைவிக்குக் குளிர் தாங்காது.

பதில்: ஆளுக்கு ஒன்றாக, 850 ஃபில் பவரில், 20 டிகிரி ஃபாரன்ஹீட் அளவில், அகலமான குயில்ட் வாங்குங்கள். 950க்குக் கொடுக்க நினைத்த கூடுதல் பணத்தை அகலத்துக்கும் அடியில் விரிக்கும் நல்ல மேட்டுக்கும் (ஸ்லீப்பிங் மேட்) கொடுங்கள். குயில்ட்டில் படுத்து நடுங்குகிறவர்களில் பெரும்பாலானோருக்கு உள்ளே நிரப்பியிருக்கும் தூவியில் குறை இருப்பதில்லை. ஓரத்தில் காற்று நுழையும், இல்லாவிட்டால் அடியில் தரை சூட்டை உறிஞ்சும்.

டவுன் என்பது வாத்து, கூஸ் பறவைகளின் நெஞ்சுப்பக்கத்தில் இருக்கும் மென்மயிர். தமிழில் அதற்குத் தூவி என்று நல்ல சொல் உண்டு. தூவி தானாகச் சூடு தருவதில்லை. உப்பி நின்று காற்றைப் பிடித்து வைக்கிறது, அந்தக் காற்றுதான் நம் சூட்டைக் காக்கிறது. ஸ்லீப்பிங் பேக்கில் முதுகுக்கு அடியில் இருக்கும் தூவி உடல் எடையில் நசுங்கி ஒன்றுக்கும் உதவாமல் கிடக்கும். அந்தப் பகுதியையும் தலைமூடியையும் நீளமான ஜிப்பையும் எடுத்துவிட்டால் கிடைப்பது குயில்ட். எடை குறைவது அப்படித்தான். அடிப்பக்கத்தைக் காக்கிற வேலை முழுவதும் மேட்டின் தலையில் விழுகிறது.

ஆகவே முதலில் மேட்டைப் பாருங்கள். அதன் மேல் ஆர் மதிப்பு, அதாவது சூடு தரைக்குப் போகாமல் எவ்வளவு தடுக்கும் என்ற எண், அச்சிட்டிருக்கும். ஏ.எஸ்.டி.எம். எஃப்3340 என்ற பொதுச் சோதனை வந்த பிறகு வெவ்வேறு கம்பெனி எண்களை நேருக்கு நேர் ஒப்பிட முடிகிறது. இந்தப் பாதைக்கு 3க்குக் குறையக் கூடாது, உங்கள் மனைவிக்கு 4க்கு மேல் இருக்கட்டும். மடக்கு ஃபோம் மேட்கள் பல 2ஐ ஒட்டியே நிற்கும். அப்படி ஒன்று கையில் இருந்தால் அதன் மேல் இன்னொரு மெல்லிய ஃபோமைப் போடலாம், இரண்டின் ஆர் மதிப்பும் கூடிக்கொள்ளும். மேட் சரியில்லாமல் குயில்ட்டை மட்டும் தடிப்பாக வாங்கினால் மேலே வியர்க்கும், இடுப்பு சில்லென்று இருக்கும்.

அடுத்தது வெப்பநிலை. ஊரில் ஜூலை என்றால் வெயில்தான். ஆனால் நீங்கள் படுக்கப்போகும் பல இடங்கள் 3,000 மீட்டருக்கு மேல். பாதையின் முடிவில் உள்ள விட்னி மலை ஏறுவதற்கு முன் பலர் தங்கும் கிடார் லேக் ஏறத்தாழ 3,500 மீட்டர். தெளிந்த வானத்தில் அங்கே விடிகாலையில் வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி இறங்கும், சில நாள் அதற்கும் கீழே போகும். நீங்கள் அந்தப் பக்கம் சேரும்போது ஆகஸ்ட் நடுப்பகுதி ஆகிவிடும், இரவு நீண்டிருக்கும்.

30 டிகிரி ஃபாரன்ஹீட் என்றால் மைனஸ் 1 செல்சியஸ். கேட்பதற்குப் போதும்போலத் தோன்றும். ஸ்லீப்பிங் பேக்குக்கு ஐ.எஸ்.ஓ. 23537 என்ற தரச்சோதனை இருக்கிறது. அதில் 'கம்ஃபர்ட்', 'லிமிட்' என்று இரண்டு எண் வரும். முதலாவது, சராசரிப் பெண் ஒருவர் தளர்வாகப் படுத்துத் தூங்கக்கூடிய அளவு. இரண்டாவது, சராசரி ஆண் ஒருவர் உடலைக் குறுக்கிக்கொண்டு சமாளிக்கிற அளவு. இரண்டுக்கும் 5, 6 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் இருக்கும். குயில்ட்களில் பெரும்பாலானவை இந்தச் சோதனைக்குப் போவதே இல்லை. தயாரிப்பாளர் சொல்வதுதான் எண், அதுவும் பெரும்பாலும் லிமிட்டை ஒட்டிய எண். எதிர்பார்க்கும் குளிரைவிட 5 செல்சியஸ் கீழே உள்ளதை வாங்குவது என் கணக்கு. அப்படித்தான் 20 ஃபாரன்ஹீட், அதாவது மைனஸ் 7 செல்சியஸ் வருகிறது. மனைவியின் குயில்ட்டில் கூடுதலாக 40, 50 கிராம் தூவி வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். மினசோட்டாவின் என்லைட்டண்ட் எக்விப்மென்ட், கொலராடோவின் கடபாடிக் கியர் போன்ற கம்பெனிகளை இந்த மாதிரி ஆர்டருக்குக் கேட்டுப் பார்க்கலாம். சூடாக இருந்தால் குயில்ட்டை விரித்துப் போர்வைபோலப் போட்டுக்கொள்ளலாம், ஒரு காலை வெளியே நீட்டலாம். குளிருக்கு அப்படி வழி இல்லை.

இனி 850, 950 கதை. ஃபில் பவர் என்பது ஒரு அவுன்ஸ் தூவி எத்தனை கன அங்குலம் உப்பி நிற்கும் என்ற அளவு. நம் கணக்கில் 850 என்றால் ஒரு கிராம் தூவி கிட்டத்தட்ட அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் அளவு இடத்தை நிரப்பும். 198 செ.மீ. நீளம், சராசரி 125 செ.மீ. அகலம், 6.3 செ.மீ. தடிப்பு என்று ஒரு குயில்ட்டை வைத்துக் கணக்குப் போட்டால் சுமார் 156 லிட்டர். அதை நிரப்ப 850 தூவி 318 கிராம். தூவி அடைத்த அறைகள் தளர்ந்து போகாமல் இருக்க 30 சதவீதம் கூட்டினால் 413 கிராம். அதே குயில்ட்டுக்கு 950 தூவி 369 கிராம். மிச்சம் 44 கிராம், ஒரு கோழிமுட்டையின் எடைகூட இல்லை. சூடு இரண்டிலும் ஒன்றுதான், ஏனென்றால் தடிப்பு ஒன்றுதான். துணி, தடுப்பு வலை, கயிறு எல்லாம் சேர்த்து 850 குயில்ட் 650 முதல் 720 கிராமுக்குள் வரும். இப்போதுள்ள பேக்கோடு ஒப்பிட்டால் ஆளுக்கு 700 கிராம் குறைகிறது. அந்த 44 கிராமுக்காகப் பணத்தைக் கொட்ட வேண்டாம்.

பணம் போக வேண்டிய இடம் அகலம். உங்கள் மேட்டில் ஒருக்களித்து, முழங்காலை மடித்து, வழக்கம்போலப் படுங்கள். மனைவியைத் தையல் டேப் எடுத்துவரச் சொல்லுங்கள். மேட்டின் ஒரு ஓரத்தில் தரையில் டேப்பின் நுனியை வைத்து, தோளுக்கு மேலாகக் கொண்டுபோய், மறு ஓரத்தில் தரையைத் தொடும்வரை இழுக்காமல் அளக்க வேண்டும். உங்கள் உடல்வாகுக்கு 115 செ.மீ. அளவில் வரலாம். அதோடு பக்கத்துக்கு 10 செ.மீ. கூட்டுங்கள். 135 ஆகிறது. சாதாரண அளவு 127 செ.மீ., அதாவது 50 அங்குலம். அது மல்லாந்து அசையாமல் படுப்பவருக்குத்தான் சரி. நீங்கள் இரவில் திரும்பும்போதெல்லாம் முதுகுப்பக்கம் ஒரு விரல்கடை இடைவெளி திறக்கும், உள்ளே சேர்ந்த சூடு அத்தனையும் அந்த ஒரு அசைவில் போய்விடும். 54 அங்குலம், 137 செ.மீ. எடுங்கள். எடை சுமார் 40 கிராம் கூடும், பரவாயில்லை. மனைவிக்கும் இதே மாதிரி அளந்து முடிவு செய்யுங்கள். நீளத்துக்கு உயரத்தோடு 25 செ.மீ. கூட்டினால் போதும்.

ஓரத்தை அடைப்பது வார். மேட்டைச் சுற்றி இரண்டு எலாஸ்டிக் வார் போகும், குயில்ட்டின் ஓரத்தில் உள்ள கிளிப் அதில் மாட்டும். கிளிப் மேட்டின் பக்கவாட்டில் நிற்கக் கூடாது. உடலுக்கும் மேட்டுக்கும் நடுவே ஓரம் மடிந்து நுழையும்படி உள்தள்ளி நிற்க வேண்டும். வாரை இறுக்கி குயில்ட்டைத் தோல்போல இழுத்துக் கட்டுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் தோளிலும் இடுப்பிலும் தூவி நசுங்கி அந்த இடம் குளிரும்.

தைத்து மூடிய கால்பை உங்கள் இருவருக்கும் நல்லது. ஜிப்பும் சுருக்குக்கயிறும் வைத்தது முழுதாக விரியும், ஆனால் சுருக்கிய இடத்தில் நாணய அளவு ஓட்டை இருக்கும். அதைத்தான் வாங்குவதாக இருந்தால் இரவில் மடித்த சாக்ஸை அங்கே திணித்துவிடுங்கள். தூவி அறைகளின் நடுவே வலைத்துணிச் சுவர் இருக்கிறதா என்று கேளுங்கள். மேல்துணியையும் கீழ்துணியையும் நேராகச் சேர்த்துத் தைத்தால் தையல் ஓடும் கோடெல்லாம் குளிரும். துணிக்கு 10 டெனியர் (நூலின் தடிமனைச் சொல்லும் அளவு) போதும். துணியைத் துளைத்து ஒரு இறகு நுனி எட்டிப் பார்த்தால் வெளியே பிடுங்காதீர்கள், பின்னாலேயே இன்னும் நாலு வரும். உள்பக்கத்திலிருந்து துணியைக் கிள்ளி உள்ளே இழுத்துவிட்டு, அந்த இடத்தைத் தேய்த்தால் ஓட்டை மூடிக்கொள்ளும்.

குயில்ட்டுக்குத் தலைமூடி இல்லை. தடித்த கம்பளித் தொப்பியோ தூவித் தலைமூடியோ கட்டாயம் எடுத்துப் போங்கள். முகத்தை உள்ளே விட்டு மூச்சுவிடுவது பழக்கமானால் அதை விட வேண்டும், மூச்சின் ஈரம் நேராகத் தூவியில் இறங்கும். இந்தப் பாதை போகும் சியெரா நெவாடா மலைகளின் காற்று உலர்ந்தது, அதனால் அங்கே தூவி நன்றாக உழைக்கும். ஆனால் 20 நாளில் தினமும் கொஞ்சம் வியர்வை, டென்ட் சுவரில் கால் உரசிய ஈரம் என்று சேர்ந்து தடிப்பு இறங்கும். மதிய ஓய்வில் வெயில்பட்ட பாறை மேல் 20 நிமிடம் விரித்தால் போதும். ஏரிக்கரையிலேயே டென்ட் போடாதீர்கள். குளிர்ந்த காற்று பள்ளத்தில் தேங்கும், சற்றே உயரமான இடத்தில் பனியும் குறைவு, குளிரும் குறைவு.

இருவருக்கும் ஒரே குயில்ட் என்றால் மொத்தத்தில் 300 கிராம் வரை குறையலாம். உங்களுக்கு அது வேண்டாம். ஒருவர் திரும்பினால் மற்றவர் முதுகில் காற்று அடிக்கும், இருவருக்கும் நடுவில் கழுத்துப்பக்கம் திறந்தே கிடக்கும். குளிர் தாங்காதவருக்குத் தனித் தடிப்பு வைக்கவும் வழியில்லை. நடுவில் ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் பாதையை விட்டு கியர்சார்ஜ் கணவாய் வழியாக இறங்க வேண்டிவந்தால் குயில்ட் யாரிடம் இருக்கும்?

முதுகுப்பையில் வைக்கும்போது குயில்ட்டைச் சிறிய பையில் அடைத்து இறுக்காதீர்கள். கெட்டியான பிளாஸ்டிக் பையை உள்ளுறையாக விட்டு, அடியில் குயில்ட்டைத் தளர்வாகத் திணித்து, மேலே பேர் கேனிஸ்டரை (கரடி திறக்க முடியாத உணவு டப்பா) வையுங்கள். சுற்றியுள்ள சந்துகளைத் தூவி தானே நிரப்பிக்கொள்ளும்.

அளவு சொல்லித் தைக்கும் கம்பெனிகளில் பல வாரம் ஆகும், மே தொடக்கத்திலேயே ஆர்டர் கொடுங்கள். வந்ததும் உதறித் தரையில் விரித்து ஒரு நாள் அப்படியே விடுங்கள். பிறகு நாலைந்து அறைகளில் ஸ்கேலை நிறுத்திப் பாருங்கள். சொன்ன தடிப்பு எல்லா அறையிலும் இருக்க வேண்டும். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் தூவி இல்லாத திட்டு வெளுப்பாகத் தெரியும். தட்டிச் சரிசெய்தும் மறுநாள் அதே இடம் வெறுமையாக இருந்தால் திருப்பி அனுப்புங்கள். சரியாக இருந்தால், கிளம்பும் முன் ஒரு குளிர்ந்த இரவில் மேட்டும் வாரும் கட்டி வெளியே படுத்துப் பாருங்கள். கிளிப்பை இருட்டில் கைதடவி மாட்டவும் கழற்றவும் பழகிக்கொள்ள அந்த ஒரு இரவு போதும்.